அபிதா அக்கா உட்கார்ந்தால் மட்டும் மிஸ்ஸிங்

எனக்கு மோட்டார் சைக்கிள்களைப் பிடிக்காது. அவற்றைக் கொஞ்சிக்கொண்டு திரியும் ஆட்களை அதைவிடப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில், மனிதர்கள் தூங்க வேண்டிய நேரத்தில், ஒருவர் வாசலில் குந்தி உட்கார்ந்து எதையோ கழற்றி, எதையோ ஊதி, திரும்ப மாட்டி, உதைத்துக் கிளப்பினால் எப்படி இருக்கும்? பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்கு எதிர்வீடு சத்யநாராயணன் சாருடையது. இங்கே குடிவந்ததிலிருந்து நாங்கள் அலாரம் வைத்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டிக்காக நான் நடுரோட்டில் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, ஜோவிதாவும் வண்டிப் பைத்தியம்தான் போல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் லாசரஸ் வைத்திருப்பது பேட்டரி ஸ்கூட்டர். அது போகும்போது பக்கத்தில் கொசு பறந்தால் கொசுவின் சத்தம்தான் கேட்கும்.

சத்யா சார் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. எழும்பூர் பக்கம் ஏதோ ஒரு அரசாங்க அலுவலகம். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறிப் போய், சாயங்காலம் அதே மாதிரி வந்து இறங்குவார். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். ரேஷன் கடை வரிசையில் யாராவது நடுவில் புகுந்தால், "அவங்களுக்கு என்ன அவசரமோ" என்று ஒதுங்கி நிற்பார். வீட்டுக்கு எதையாவது விற்க வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அவர் வீட்டில் ஒரே மாதிரி ஐந்து தண்ணீர் வடிகட்டி இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் பிடிவாதம் பிடித்த ஒரே விஷயம் அந்த வண்டி.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அதே வண்டி வைத்திருந்த பெரியப்பா கதையோடு நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பழைய காலத்து இரட்டைச் சிலிண்டர் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு சிலிண்டர், அந்தப் பக்கம் ஒரு சிலிண்டர், இரண்டுக்கும் தனித்தனி சைலன்சர். இரண்டும் மாறி மாறி வெடித்தால்தான் வண்டி ஒழுங்காகப் போகும். ஒன்று வெடிக்காமல் மக்கர் செய்தால் அதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் 'மிஸ்ஸிங்'. எந்த மெக்கானிக் கடையில் போய் "வண்டி மிஸ்ஸிங்" என்று சொன்னாலும் பிளக்கைக் கழற்றுவார்கள். கடைக்கு வெளியே வந்து அதையே சொன்னால் போலீசுக்குப் போகச் சொல்வார்கள்.

இந்த ஒரு வார்த்தையில்தான் அவர் கல்யாணமே நடந்தது. செங்கல்பட்டில் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அம்மா ரயிலில் வர, மாப்பிள்ளை மட்டும் அப்போதுதான் வாங்கியிருந்த இந்த வண்டியில் கிளம்பினார். வண்டி வழியில் மக்கர் செய்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்குக் கறுப்புக் கையோடு வந்து நின்று, "மன்னிச்சுக்குங்க மாமா, வழியில வண்டி மிஸ்ஸிங்" என்றிருக்கிறார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "எங்க விட்டீங்க? பூட்டினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மகன்களை ஆளுக்கொரு திசையில் விரட்டினார். கடைசி மகன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அப்பா, வண்டி நம்ம வாசல்லதான் நிக்குது" என்றானாம். அப்போது உள்ளே இருந்து ஒரு சிரிப்பு, அடக்கவே முடியாமல், வாசல்வரை கேட்டதாம்.

"அந்தச் சிரிப்புலயே நான் முடிவு பண்ணிட்டேன்" என்பார் சத்யா சார். "கை கழுவாம கேசரியில கை வெக்கற மனுஷன்னு நானும் முடிவு பண்ணேன்" என்பார் அக்கா.

அக்காவுக்கு முழுப்பெயர் அபிதகுஜாம்பாள். தெருவுக்கு அபிதா. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவர், இடுப்பு வலி வந்த பிறகு விட்டுவிட்டார். ஒரே மகள் சின்மயி புனேயில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர், வாசலில் அந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அக்கா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு பக்கமாகக் கால் போட்டுப் பின்னால் ஏறி உட்காருவார். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம்வரை போவார்கள். உப்பளம் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கொரு டீ. திரும்பி வந்துவிடுவார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "போற வழியில இவர் பேசவே மாட்டார் ஜோவிதா. அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்றார் அக்கா. சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அக்காவின் இடுப்பு வலி அதிகமானது. பள்ளம் மேட்டில் வண்டி ஏறி இறங்கும்போது உயிர் போகிறது என்றார். சத்யா சார் உடனே சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போய், நல்ல கனமான மெத்தை வைத்துத் தைத்து வாங்கி வந்தார். பூஜையன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அக்கா உட்கார்ந்து பார்த்து, "சோபா மாதிரி இருக்குங்க" என்றார். சத்யா சாருக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் கிளம்பினார்கள். ஏரிக்கரை திரும்புவதற்குள் இடது சிலிண்டர் படுத்துவிட்டது.

மழைக்காலம், எங்கேயாவது தண்ணீர் இறங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். துடைத்துக் காய வைத்தார். அடுத்த வாரமும் அதே கதை. எந்தச் சிலிண்டர் தூங்குகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. ஆறிய வண்டியைக் கிளப்பிச் சற்று நேரம் ஓடவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல இரண்டு சைலன்சரிலும் தெளிப்பார். சுர்ரென்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வாசலில் நிறுத்தித் தெளித்தால் இரண்டும் சுர்ரென்றன. தனியாக ஓட்டிக்கொண்டு தாம்பரம் போனால் தேன் மாதிரி ஓடியது. அக்காவை ஏற்றினால் மட்டும் இடது பக்கம் செத்தது.

பிளக்கை இடம் மாற்றினார், வலது பக்கத்தது இடதுக்கு, இடது பக்கத்தது வலதுக்கு. பிளக்கில் கோளாறு என்றால் நோயும் கூடவே இடம் மாறவேண்டும். மாறவில்லை, இடதுதான் தூங்கியது. பாயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். கண்டன்சரை மாற்றினார். கார்புரேட்டரை அக்காவின் புட்டு வேக வைக்கும் பாத்திரத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினார். கடைசியில் தாம்பரத்தில் வீராசாமி என்கிற மெக்கானிக்கிடம் போனார். வீராசாமி ஏறி ஒரு சுற்றுப் போய் வந்து, "சார், வண்டி குதிரையாட்டம் கீது. சும்மா பேஜார் பண்ணாம எட்த்துகினு போங்க" என்றாராம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்று சொல்ல இவருக்குக் கூச்சம்.

அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். வண்டலூரில் அக்கா கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னல் ஓரம் இடம். சத்யா சார் வண்டியில் பஸ்ஸின் பின்னாலேயே போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்க, இவரும் நிற்க, அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கையாட்ட, கண்டக்டர் என்ன நினைத்தாரோ, "ஏம்மா, அந்த ஆளு உங்களத் தொந்தரவு பண்றானா?" என்று கேட்டிருக்கிறார். "ரொம்ப வருஷமா" என்று சொன்னாராம் அக்கா.

ஆனால் மறுவாரம் அக்கா போகவில்லை. இடுப்பு வலி என்றார். இடுப்பு வலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை சத்யா சார் எங்கள் வீட்டுக் கேட்டில் வந்து நின்றார். ஒரு சோதனை செய்யவேண்டும், பின்னால் உட்கார ஆள் வேண்டும் என்றார். பின்னால் பாரம் ஏறினால் வண்டி திணறுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். பாரம் என்றால் எங்கள் வீட்டில் லாசரஸ் இருக்கிறார். அவர் ஏறி உட்கார்ந்ததும் பின் டயர் பாவமாக அமுங்கியது. தெருக்கோடிவரை போய் வந்தார்கள். வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆக, பாரம் இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சுடிதாரோடு அப்படியே போய் ஏறிக்கொண்டேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அபிதா அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபி, நீ வா" என்றார் சத்யா சார்.

அக்கா வந்து ஏறினார். வண்டி நாலு வீடு தாண்டவில்லை. இடது பக்கம் செத்து, டொக்... டொக்... என்று நொண்டியது. தெரு முழுக்கக் கேட்டது. லாசரஸுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "வண்டிக்கு உங்களப் பிடிக்கல போலிருக்கு அக்கா" என்று சொல்லிச் சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா இறங்கினார். தலைப்பைச் சரி செய்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சத்யா சார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பிறகு, "நாவலூர்ல இருந்து ஒரு பையன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்கான். இளமாறன்னு பேரு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. பழைய வண்டின்னா உயிர் அவனுக்கு. நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லிடறேன்" என்றார்.

"என்ன சார் இது, கோளாறு என்னன்னு கண்டுபிடிக்காமயா?" என்றேன். அந்த வண்டிக்காக நான் வாதாடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்தாச்சு ஜோவிதா. அவ உட்கார முடியாத வண்டிய வெச்சுக்கிட்டு நான் மட்டும் எங்க போகப்போறேன்?"

அந்த மனிதர் அவ்வளவு சாதாரணமாக அதைச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். சமையலறையில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மிக்ஸி ஒரு தனி ஜீவன். ஒரு காலில் ரப்பர் போய் வருஷக்கணக்காகிறது. ஓடவிட்டால் மேடையில் தானாக நடந்து ஓரத்துக்கு வந்துவிடும், அக்கா ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டேதான் அரைப்பார். அன்றைக்கு அது நின்ற இடத்தில் சாதுவாக நின்று ஓடியது. ஆச்சரியமாக இருந்தது, ஆனால் மிக்ஸியைப் பற்றிப் பேசவா போனேன்?

"வண்டிய விக்கறார்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னார். நான் வேணாம்னேன். பஸ்லயே வர்றேன், நீங்க பின்னாலயே வாங்கன்னேன். கேக்கல." சட்னியை வழித்துக்கொண்டே சொன்னார். "நீ உட்கார்ந்தா ஓடுது, லாசரஸ் உட்கார்ந்தா ஓடுது. எத்தனை வருஷம் ஜோவிதா அதுல உட்கார்ந்திருக்கேன். சின்மயி வயித்துல இருந்தப்பகூட அதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்ப என்ன வந்துச்சு அதுக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு இரும்பு வண்டி தன்னை ஒதுக்கிவிட்டது என்று ஒரு பெரிய மனுஷி அழுவது வேடிக்கையாக இருந்திருக்கலாம். எனக்கு வேடிக்கையாக இல்லை.

மறுநாள் ஞாயிறு. லாசரஸ் சர்ச்சில் பாடகர் குழு. பூசைக்கு முன்னாலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஆட்டோவுக்கு போனில் தேய்த்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்பதும் ரத்து என்பதுமாக ஆட்டோக்காரர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே சத்யா சார் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேண்டிலில் ஒரு முழம் மல்லிகைப்பூ, விளக்குக்கு மேல் குங்குமம். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல அக்கா செய்து வைத்திருந்தார்.

"ஏறுங்க ஜோவிதா, நான் விட்டுட்டு வர்றேன்" என்றார். "கடைசியா ஒரு ரவுண்டு போன மாதிரி இருக்கும்."

"வழியில மிஸ்ஸிங் ஆனா?"

"அபி உட்கார்ந்தாத்தானே ஆகும்" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். மெத்தை உண்மையிலேயே சோபாதான். தெருவைத் தாண்டி ஏரிக்கரை திருப்பத்துக்கு வந்தோம். ஏரி மழைத் தண்ணீரில் நிரம்பிக் கிடந்தது. சரியாக அந்த இடத்தில் வண்டியின் சத்தம் மாறியது. டொக்... டொக்...

சத்யா சார் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"சார்" என்றேன், "நான் அபிதா அக்கா இல்ல."

"இறங்காதீங்க" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. புடவையும் நகையுமாக நொண்டி வண்டியில் உட்கார்ந்து நடுவழியில் நிற்கிறேன், பால் வாங்கப் போகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள். பொறுக்க முடியாமல் இறங்கிவிட்டேன். இறங்கிய நொடியில் இடது சிலிண்டர் உயிர்பெற்று, வண்டி கம்பீரமாக உறுமியது.

சத்யா சார் இப்போது திரும்பினார். "ஏறுங்க."

ஏறினேன். செத்தது.

"இறங்குங்க."

இறங்கினேன். பிழைத்தது. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு என்று அந்த மனிதர் சொல்ல, நானும் கஞ்சிப் புடவை கசங்கக் கசங்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேன் போடுகிற குணா மூன்று சக்கர வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"இன்னாக்கா, காலங்காத்தால ஏரிக்கரையில தோப்புக்கரணம் போட்டுகினு கீற?"

"வாய மூடிக்கிட்டு வண்டியப் பிடி" என்றேன். அவன் நல்ல பிள்ளை, வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து நீங்க உட்கார்ந்தப்ப ஒண்ணும் ஆகலையே" என்றார் சத்யா சார், தனக்குத்தானே பேசுவதுபோல.

"நேத்து நான் சுடிதார்ல இருந்தேன் சார். ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லாசரஸும் அப்படித்தான் உட்கார்ந்தார். அபிதா அக்கா தன் வாழ்க்கையில் புடவை தவிர வேறு எதிலும் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பாரமெல்லாம் இடது ஓரத்தில் விழும்.

சத்யா சார் சீட்டின் இடது ஓரத்தில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார். டொக்... டொக்... கையை எடுத்தார். உறுமியது. மறுபடி அமுக்கினார்.

இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டைத் தூக்கினார். சீட்டின் தகரம் வண்டியின் சட்டத்தில் நேராக இடிக்காமல் இருக்க, மூலைக்கு ஒன்றாகக் கட்டை விரல் பருமனுக்கு ரப்பர் புஷ் இருக்குமாம். மூன்று மூலையில் இருந்தன. இடது பின்மூலையில் வெறும் ஓட்டை. அதற்கு நேர்கீழே, சட்டத்தை ஒட்டி இடது சிலிண்டருக்குப் போகும் ஒயர். தகரத்தின் விளிம்பு அழுத்தி அழுத்தி ஒயரின் தோல் உரிந்து, உள்ளே செம்பு மின்னியது. இடது ஓரத்தில் ஆள் உட்கார்ந்தால் தகரம் இறங்கி ஒயரைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும், கரன்ட் சட்டத்திலேயே இறங்கிவிடும். அப்புறம் பிளக்குக்குப் பொறி எப்படி வரும்?

"புஷ் மிஸ்ஸிங்" என்றார் சத்யா சார்.

"அவ்ளோதானா?" என்றான் குணா. ஏதோ பெரிதாக வரும் என்று நின்றிருந்தான் போலிருக்கிறது.

எனக்கு அங்கேயே கைதட்டவேண்டும்போல இருந்தது. அத்தனை சந்தோஷம். போனில் லாசரஸ் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூசையாவது ஒன்றாவது. சத்யா சார் டூல் பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஒயரில் சுற்றினார். அது தற்காலிகம்தான், புஷ் இல்லாவிட்டால் டேப்பும் கிழியும் என்றார். திரும்பி வரும்போது நான் இரண்டு பக்கமும் கால் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா வாசலுக்கு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து ஏதோ விபத்து என்றே நினைத்துவிட்டார்.

"அபி," என்றார் சத்யா சார், "சீட்டு தைக்கக் குடுக்கறதுக்காக நான் கழட்டினேன் பாரு, அப்ப இங்க எங்கயாவது ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் விழுந்து கிடந்துச்சா? இவ்வளவுதான் இருக்கும்." கட்டை விரலைக் காட்டினார்.

அக்கா அந்தக் கட்டை விரலையே பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். சமையலறையில் மிக்ஸியை ஒரு பக்கமாகச் சாய்த்து, அதன் காலுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து, புடவையில் துடைத்து, சத்யா சாரின் உள்ளங்கையில் வைத்தார். அதே ரப்பர்.

"பெருக்கும்போது கெடந்துச்சு. மிக்ஸியோட பழைய ரப்பர்தான் எப்பவோ உருண்டு போய்க் கெடக்குதுன்னு நெனச்சேன். வெச்சுப் பாத்தேன், சரியா இருந்துச்சு." குரல் உள்ளே போய்விட்டது. "அப்ப நான்தானா? வண்டியக் குத்தம் சொல்லிக்கிட்டு..."

சத்யா சார் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிக்ஸியைப் பார்த்தார். பிறகு உண்மையான கவலையோடு, "இப்ப இத எடுத்துட்டா மிக்ஸி மறுபடி ஆடுமே அபி" என்றார்.

அக்கா சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்த முடியாமல், மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செங்கல்பட்டில் வாசல்வரை கேட்ட சிரிப்பு இதுதான் என்று புரிந்தது. நானும் சிரித்தேன். எதற்கு என்று தெரியாமலே சத்யா சாரும் சிரித்தார்.

புஷ்ஷை மாட்டிச் சீட்டைப் பூட்டியதும் அக்காவை ஏறச் சொன்னார். அக்கா ஒரு பக்கமாக ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தெருக்கோடிவரை போனார்கள். நான் கேட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். இரண்டும் மாறி மாறி, ஒழுங்காக, விடாமல் வெடித்தன. வருஷக்கணக்காக என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம் அது. அன்றைக்கு எனக்கு அது இனித்தது.

திரும்பி வந்து இறங்கும்போதுதான் சத்யா சாருக்கு நினைவு வந்தது. "ஐயோ, அந்தப் பையன்." போன் போட்டார். எடுக்கவில்லை. "கிளம்பியிருப்பான். பாவம், நாவலூர்ல இருந்து வர்றான். அவ்வளவு ஆசையா கேட்டான். வந்தவன் முகத்தப் பாத்து எப்படி இல்லன்னு சொல்றது?"

அக்காவும் நானும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை நினைத்தோம். இந்த மனிதர் ஐந்து தண்ணீர் வடிகட்டி வாங்கியவர். பையன் வந்து நின்று இரண்டு வார்த்தை உருக்கமாகப் பேசினால், "உங்களுக்கு என்ன அவசரமோ" என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். வேறு புடவை, தலைக்குப் பூ. ஹேண்டிலில் கட்டியிருந்த மல்லிகையை அவிழ்த்துத்தான் வைத்துக்கொண்டார். வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் திணித்தார்.

"வெயில்ல எங்க போறோம்?" என்றார் சத்யா சார்.

"கேளம்பாக்கம். ஓட்டுங்க." பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் பையன் வந்தா நீ சொல்லிடு ஜோவிதா" என்றார்.

"என்னன்னு சொல்ல?"

"எதையாவது சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்கே."

போய்விட்டார்கள். ஏரிக்கரை திரும்பும்வரை சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டதுபோல இருந்தது.

மத்தியானம் லாசரஸுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. இறங்கிய பையன் கையில் ஹெல்மெட். டாக்சியை அனுப்பியும்விட்டான். வண்டியிலேயே திரும்பிப் போகிற திட்டம். பூட்டைப் பார்த்தான், வெறும் வாசலைப் பார்த்தான். தரையில் சொட்டியிருந்த எண்ணெயை அவன் குனிந்து பாசத்தோடு பார்த்ததையும் கவனித்தேன். இதுவும் அந்த ஜாதிதான். பிறகு எங்கள் கேட்டுக்கு வந்தான்.

"ஆன்ட்டி, சத்யநாராயணன் சார் இல்லையா? நான் இளமாறன். வண்டி பாக்க வந்தேன்."

அக்கா என்று கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருப்பேன்.

"வண்டி மிஸ்ஸிங்" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். இவன் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. ஹெல்மெட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு அக்கறையாகக் கேட்டான்.

"எந்தச் சிலிண்டர், ஆன்ட்டி?"

"ரெண்டு சிலிண்டரும்தான்" என்றேன். "மேல உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும்."